முப்பத்தி நாலாம் நம்பரின் கழுத்து

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் லாரி வந்து நின்றதும், டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்ப்பதற்குள் நம்பர் கூப்பிட்டுவிடுவார்கள். குடோன் வாசலில் நிற்கும் யூனியன் கன்வீனர் முகமது இஸ்மாயில் கையை வாய்க்குக் குவித்து, "முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி ரெண்டு" என்று தொடங்குவார். நேற்று எந்த நம்பரில் வேலை நின்றதோ அதற்கு அடுத்த நம்பரிலிருந்து இன்று ஆரம்பம். நாற்பது வரை போய்த் திரும்பவும் ஒன்றுக்கு வரும். "முப்பத்தி நாலு" என்றதும் டீக்கடைக்கு வெளியே நிற்கும் வீரபாண்டி கிளாஸை வைத்துவிட்டு, "இந்தா வந்துட்டேன்" என்று தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை உதறிக்கொண்டு ஓடுவான்.

ஏழு வருஷமாக அவன்தான் ஓடுகிறான். ஆனால் முப்பத்தி நாலு அவனுடைய நம்பர் இல்லை. அது அப்புவின் நம்பர்.

இந்த நம்பர் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழைய காலத்தில் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுத்த விதம் வேறு. மூப்பன் எனும் கங்காணி ஒருவன் உயரமான இடத்தில் ஏறி நின்று, கீழே முண்டுகிற கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை விட்டெறிவான். சாப்பா என்று அதற்குப் பெயர். சாப்பா கையில் அகப்பட்டவனுக்கு அன்று வேலை. அப்புவின் அப்பா அப்படி ஒரு சாப்பாவுக்காக முன்பற்கள் இரண்டைக் கொடுத்தவர். அதை எதிர்த்துக் கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், கடைசியில் ஒரு தலைமுறையே சேர்ந்து கொண்டுவந்ததுதான் இந்த முறை. ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் ஒரு நம்பர். வேலை வட்டமாகச் சுற்றி வரும். யாரும் யாரையும் மிதிக்க வேண்டியதில்லை.

இதைவிட நியாயமான ஏற்பாட்டை அந்த ரோட்டில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. ஒரே ஒரு சங்கடம், நாற்பது பேர் இருக்கிற வட்டத்தில் நாற்பத்தொன்றாவது ஆளைச் சேர்த்தால் நாற்பது பேருக்கும் முறை ஓர் இடம் தள்ளிப் போகும். அதனால் வட்டம் நாற்பதோடு நின்றுவிட்டது. அப்பா செத்தால் மகனுக்கு நம்பர். மகனுக்கு உடம்பு முடியாவிட்டால் அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்திக்கொள்ளலாம். எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

ஏழு வருஷத்துக்கு முன் அப்பு அரிசி மூட்டையோடு, அடுக்கின்மேல் ஏறச் சாத்தியிருந்த பலகையிலிருந்து சறுக்கி முதுகை முறித்துக்கொண்டார். அதே மாதம்தான் வீரபாண்டியும் அவன் மனைவி ஒச்சம்மாளும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். அப்பு அவனுடைய தோளை ஒரு பார்வை பார்த்து, "சாக்கு எடுக்குமோடா?" என்று கேட்டார். எடுப்பேன் என்றான். கூலியில் அரைக்கு அரை என்று பேச்சு. சுள்ளிக்கல் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் வரிசை வீடுகளில் ஒரு அறையும் அப்புதான் பிடித்துக் கொடுத்தார். தமிழ்க்காரனுக்கு வீடு கிடைக்காத நாட்கள் அவை.

எல்லாரும் அவனை 'பாண்டி' என்று கூப்பிட்டார்கள். தன் பெயரை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று முதல் ஒரு மாதம் அவனுக்கு ஆச்சரியம். பக்கத்துக் குடோனில் வேலை செய்த ஒச்சப்பனையும், வந்துபோகும் எந்தத் தமிழ்க்காரனையும் பாண்டி என்றே கூப்பிடுவதைக் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது.

டீக்கடையில் உட்காருவதற்கும் ஒரு முறை இருந்தது. உள்ளே காற்றாடிக்குக் கீழ் பெஞ்சில் குமாஸ்தாக்களும் தரகர்களும். வாசலை ஒட்டிய பெஞ்சில் வில்லை வைத்திருக்கிற நம்பர்க்காரர்கள். வீரபாண்டியைப் போல அடுத்தவன் நம்பரில் நிற்கிறவர்கள் வெளியே, ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழ் நின்றபடி குடிப்பார்கள். பெண்களுக்குத் தூக்குவாளியில் குடோனுக்கு உள்ளே போய்விடும். இப்படி உட்காரும்படி யாரும் சொன்னதில்லை. உட்காரக் கூடாது என்றும் சொன்னதில்லை. மழை சாரலடித்தாலும் வெளியே நிற்கிறவன் உள்ளே வர மாட்டான். குடோனின் சேட்டு மாடியில் டெலிபோன் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு டீ மேலே போகும்.

ஒச்சம்மாளுக்கு வேலை குடோனின் பின்கட்டில். மிளகு அப்படியே கப்பலுக்குப் போய்விடாது. பெண்கள் முறத்தில் வாரிப் புடைப்பார்கள். கனமான மிளகு முறத்தின் அடியில் தங்கும். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு நுனிக்கு வரும். காம்பு அதற்கும் முன்னால் வந்து விழும். தூசி பறந்து பெண்களின் மூக்குக்குப் போகும். எதுவும் வீணில்லை. பொக்குக்கும் காம்புக்கும்கூட ஆள் உண்டு. பத்து வருஷம் அங்கே உட்கார்ந்தவர்களுக்கும் நம்பர் கிடையாது. காலையில் வந்து நிற்க வேண்டும்; மேஸ்திரி விரல் நீட்டினால் வேலை.

அந்த வருஷம் ஜூன் மாதத்து எடவப்பாதி மழையோடு செய்தி வந்தது. மூட்டைச் சுமடு எடுக்கிறவர்களுக்கெல்லாம் சர்க்கார் சட்டப்படி பதிவு. படம் ஒட்டிய அட்டை. கை கால் போனால் பணம், வயதானால் பணம், செத்தால் வீட்டுக்குப் பணம்.

"எல்லாம் சரி, படம் எதுக்கு?" என்று டீக்கடை வாசல் பெஞ்சில் ஒருவர் கேட்டார்.

"உன் மோந்தை பாத்து சர்க்கார் பயப்படட்டும்னு," என்றார் இஸ்மாயில். அவர் ராவுத்தர் வீட்டு ஆள். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும்.

"ஆபீசர் பிடரி தொட்டு நோக்குமாம். தழம்பு உள்ளவனுக்குத்தான் அட்டையாம்," என்றார் பெஞ்சில் இன்னொருவர்.

தழம்பு என்றால் மூட்டை அழுத்தி அழுத்திப் பிடரியில் ஏறும் காய்ப்பு. பெஞ்சில் இருந்தவர்களின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. வெளியே நின்ற வீரபாண்டியின் கையும் போயிற்று. அங்கே மாட்டின் திமில் போல ஒரு மேடு, தொட்டால் மரத்தைத் தொடுகிற மாதிரி.

அன்று சாயங்காலம் ஒச்சம்மாள் மரவள்ளிக் கப்பை வேகவைத்து, சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். கூரையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே சட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏய்யா, படம் ஒட்டணும்னா யாரு படத்த ஒட்டுவாக?"

"அப்பு சேட்டன் படந்தான். நம்பர் அவருதுல்ல."

"சொமக்குற கழுத்து?"

"கழுத்துக்கென்ன, எல்லாருக்குந்தான் இருக்கு."

"அவருக்கும் இருக்கு. ஏழு வருசமாத் தலகாணி மேல."

வீரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அதை மறைத்தான். "நன்றி கெட்டுப் பேசாத புள்ள. வந்த புதுசுல பஸ் ஸ்டாண்டுல கெடந்தோம். இந்தக் கூரைய யாரு காட்டிக்குடுத்தா?"

"இல்லேங்கல. அதுக்கு ஏழு வருசமா ஒங்க ஒடம்புல பாதிய அறுத்துக் குடுத்தாச்சு. இப்ப வர்றது வேற. நாளைக்கு நீங்க விழுந்தா நானும் எம்மகளும் எங்கிட்டுப் போறது? மூட்ட தூக்குனவனுக்குத்தான்யா அட்ட. மூட்டய நெனச்சுப் பாத்தவனுக்கு இல்ல."

"யூனியன்ல போயி நீ கேக்குறியா?"

"கேக்குறேன். பொம்பளைக்கு நம்பர்தான் இல்ல. வாயுமா இல்ல?"

மறுநாள் அவள் நிஜமாகவே கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டிலிருந்து எழுந்து, தலையிலிருந்த மிளகுத் தூசியோடு டீக்கடை வாசலுக்கு வந்து இஸ்மாயிலின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு அட்ட எழுதணும்."

"எந்த நம்பர்ல?"

"புதுசா ஒண்ணு போடுங்க. நாப்பத்தி ஒண்ணுன்னு."

பெஞ்சில் இருந்த நம்பர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்மாயில் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நான் ஒத்துக்கிட்டாலும் இவங்க ஒத்துக்கணும். இவங்க ஒத்துக்கிட்டா நாளைக்கு ஒச்சப்பன் வருவான், நாப்பத்தி ரெண்டு. இருக்கற லாரி அதேதான். கோவப்படாதே."

"கோவம் இல்லண்ணே. தூக்குறப்ப மட்டும் நாங்க கண்ணுக்குத் தெரியுறோம், அதச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் குடோனுக்குள் போனாள்.

திங்கட்கிழமை காலை "முப்பத்தி நாலு" என்றபோது வீரபாண்டி ஓடுவதற்குள் இன்னொருவர் முன்னால் போய்விட்டார். அப்பு. ஐம்பத்து நான்கு வயது. இடுப்பில் பழைய லுங்கியை இறுக்கிக் கட்டி, தலையில் தோர்த்தைச் சும்மாடாகச் சுற்றியிருந்தார்.

"எடா பாண்டி, ஒரு பத்து நாள் ஞான் தன்னே எடுக்கட்டே," என்றார் அவனைப் பார்க்காமல். "தழம்பு மாஞ்சு போச்சு. ஆபீசர் வரும்போ ஒரு கொஞ்சம் காணணுமே."

"சேட்டா, முதுகு..."

"முதுகு ஆபீசர் நோக்கில்லா."

யாரோ சிரித்தார்கள். வீரபாண்டி டீக்கடைத் தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்து நின்றான். ஏழு வருஷத்தில் முதல்முறையாகத் தன் நம்பரை இன்னொருவர் சுமப்பதை அவன் பார்த்தான்.

மூட்டை சுமப்பது பலத்தால் நடப்பதாகப் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது கால் வைக்கிற கணக்கு. லாரியில் நிற்கிற இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிப் பிடரியில் இறக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். வெளியே விட்டுக்கொண்டிருந்தால் முதுகெலும்பு உட்கார்ந்துவிடும். குடோனுக்குள் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போடுவார்கள். அட்டி ஆள் உயரத்தைத் தாண்டியதும் சரிவாக ஒரு பலகை சாத்தப்படும். அந்தப் பலகை ஒவ்வோர் அடிக்கும் வளைந்து எழும். அது எழும்போது கால் தூக்கினால் பலகையே ஆளை மேலே தள்ளிவிடும். அது தாழும்போது தூக்கினால் மூட்டையோடு பலகையையும் சேர்த்துத் தூக்குகிற மாதிரி ஆகும். பழகியவன் இதை யோசிப்பதில்லை. விட்டுப்போனவனுக்குத் திரும்ப வர நாளாகும்.

அப்பு முதல் நாள் ஒன்பது மூட்டை எடுத்தார். இரண்டாம் நாள் ஏழு. சாயங்காலம் அவர் மனைவி கமலாக்ஷி சூடான எண்ணெய் தடவிவிட்டதாகவும், அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததாகவும் பேச்சு வந்தது. அந்த இரண்டு நாளும் வீரபாண்டிக்கு வேலை இல்லை. ஒச்சம்மாள் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையிலிருந்தே மழை. ஈரக் கால்களின் சேறு பலகையில் ஏறியிருந்தது. அப்பு நாலாவது மூட்டையோடு பலகையில் பாதி தூரம் போனார். அங்கே நின்றார். பலகையில் நிற்கவே கூடாது. அது அவருக்குக் கீழே ஆடத் தொடங்கியது. வாசலில் நின்ற வீரபாண்டி எப்படி உள்ளே வந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவன் பலகைக்குப் பக்கவாட்டில் அட்டிமேல் தாவி ஏறி, அப்புவின் பிடரியிலிருந்த மூட்டைக்குக் கீழே தன் பிடரியைக் கொடுத்தான். மூட்டை ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு மாறியது. அவன் அதை மேலே கொண்டுபோய் அடுக்கிவிட்டுத் திரும்பினான். அப்பு பலகையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"எணீக்க முடியல்லா, பாண்டி," என்றார். "கால் எவிடேன்னு தெரியல்லா."

நாலு பேர் சேர்ந்து அவரை இறக்கினார்கள். சேட்டு மாடிப்படியில் பாதி இறங்கி வந்து, "மூட்டை கிழிந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஏறிப் போனார்.

அன்று பிற்பகல் இஸ்மாயில் டீக்கடையிலிருந்து வீரபாண்டியைக் கூப்பிட்டார். வாசல் பெஞ்சில் தன் பக்கத்தில் தட்டி, "உட்காரு" என்றார். வீரபாண்டி தயங்கினான். "உட்காருடா, பெஞ்சு கடிக்காது." அவன் நுனியில் உட்கார்ந்தான். அந்தப் பெஞ்சில் அவனுக்கு அதுதான் முதல் தடவை.

"அப்பு இனி சுமக்க மாட்டார். மழை விட்டாலும் மாட்டார். சரியா? ஆனா நம்பர் அந்த வீட்டுக்குத்தான். அது அவங்க அப்பன் பல்லு. அதை வெளிய கொடுக்க நாப்பது பேரும் விட மாட்டாங்க. நான் ஒரு வழி சொல்றேன். பேரு அப்பு. படம் உன் படம்."

வீரபாண்டிக்குப் புரிய நேரம் பிடித்தது.

"ஆபீசர் எர்ணாகுளத்துலேர்ந்து வர்றாரு. அவருக்கு அப்பு யாரு, நீ யாரு? படத்தையும் மோந்தையும் பாப்பாரு, ஒத்துப்போகும். வேலை உன்னை விட்டுப் போகாது. நம்பர் அவங்களை விட்டுப் போகாது. கூலி பழையபடி. எத்தனை குடோன்ல இப்படி நடக்கப் போகுது தெரியுமா?"

"அண்ணே, அவ கேப்பா."

"யாரு, உன் பொண்டாட்டியா? அட்டை வந்ததும் காட்டு. படத்தைப் பாத்தா சந்தோசப்படுவா."

கப்பலண்டிமுக்கு ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். வீரபாண்டியிடம் காலர் வைத்த நல்ல சட்டை இல்லை. அப்புவின் கல்யாண வீட்டுச் சட்டையைக் கமலாக்ஷி தேய்த்துக் கொடுத்தனுப்பினாள். தோளில் இறுக்கிப் பிடித்தது. ஸ்டுடியோக்காரர், "கழுத்தை நிமிர்த்து" என்று மூன்று தடவை சொன்னார். அதற்கு மேல் நிமிராது என்று அவன் சொல்லவில்லை.

ஆபீசர் யார் பிடரியையும் தொடவில்லை. மேசையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "அப்பு?" என்றார். "ஆமா சார்" என்றான். முடிந்தது.

அட்டை ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. ஒச்சம்மாள் அதைப் பிளாஸ்டிக் உறையோடு வாங்கி, துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். வீரபாண்டி ஏற்பாட்டைச் சொன்னபோது அவள் படத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "பேரு யாருதோ இருக்கட்டும். மொகம் நம்மளுதுல்ல. விழுந்தா மொகத்தத்தான பாப்பாக," என்றாள். அவர்களுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. இங்கே பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற மகள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். மூன்று நாள் கழித்து ஒச்சம்மாள் அரை டஜன் நேந்திரம்பழம் வாங்கிக்கொண்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்புவின் வீட்டுக்குப் போனாள். சட்டை கொடுத்தனுப்பிய வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

கமலாக்ஷி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "வாடீ ஒச்சம்மே. இதெல்லாம் எந்தினா? நீ பணக்காரி ஆயோ?"

"அட்ட வந்துருச்சுல்ல சேச்சி. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க. மூணு நாளாப் பாக்குறேன், அவுக மொகம் மட்டுந்தான் தெரியுது."

கமலாக்ஷி கையைத் துடைத்துக்கொண்டு, அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்தாள். "நம்பர் முப்பத்தி நாலு. பேரு அப்பு. அச்சன் பேரு கண்டன். அட்ரஸ், இந்த வீடு தன்னே." நிறுத்தினாள்.

"கீழ இன்னும் ஒரு வரி இருக்கே?"

"அது... அவகாசி."

"அப்படின்னா?"

"ஆளுக்கு ஏதெங்கிலும் ஆச்சுன்னா, சர்க்கார் பைசா யாருக்குக் கொடுக்கணும்னு."

"யாரு பேரு போட்டிருக்கு?"

கமலாக்ஷி அட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "கமலாக்ஷி. பார்ய," என்று யாரோ ஒருத்தியின் பெயரைப் போல வாசித்தாள். பார்ய என்றால் என்ன என்று ஒச்சம்மாளுக்குத் தெரியும். அந்த ஊரில் ஏழு வருஷமாகப் பெண்டாட்டியாக இருக்கிறாள்.

உள்ளே கட்டிலில் கிடந்த அப்பு இருமினார். பிறகு இருமலை அடக்கிக்கொண்டது கேட்டது.

"எடீ, நான் போடச் சொல்லல்லா கேட்டோ," என்றாள் கமலாக்ஷி. "என் பிள்ளைங்க ஆணை. அப்பு என்னு எழுதினா கமலாக்ஷி என்னு தானா வந்துரும். அவங்க பழைய ரெஜிஸ்டர் பாத்து எழுதிட்டாங்க. பைசா வந்தா நான் உனக்குத் தராதிருப்பேனா?"

"நீங்க தருவீக சேச்சி." ஒச்சம்மாள் அட்டையை வாங்கி உறைக்குள் செருகினாள். அது முதல் தடவை நேராகப் போகவில்லை. எடுத்து மறுபடி செருகினாள். "ஒங்க மகன் தருவானா, அவன் பொண்டாட்டி தருவாளா, அதெல்லாம் நம்ம கையில இல்ல."

"அங்ஙனே பறயாதே."

"பணத்த விடுங்க. பலகையில இருந்து அவுக விழுந்தா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, சேதி சொல்ல ஆள் எங்கிட்டு வருவாக?"

கமலாக்ஷி சட்டியிலிருந்த மீனைப் பார்த்தாள். பிறகு, "இங்ஙோட்டு," என்றாள் மெதுவாக.

ஒச்சம்மாள் எழுந்து நின்று அந்த வீட்டை ஒரு தடவை பார்த்தாள். வாசல், படலை, அதற்கு வெளியே இரண்டு பேர் ஒட்டிப் போகிற சந்து. கைக்கடிகாரம் கட்டிய யாரோ ஒருவர் இந்தச் சந்தில் வந்து, இந்தப் படலையைத் தட்டி, அப்புவின் பெண்டாட்டி யார் என்று கேட்பார்.

"பகல்ல வீட்டப் பூட்டிட்டு எங்கிட்டாச்சும் போவீகளா சேச்சி?"

"செவ்வாக்கிழமை அம்பலத்துக்கு. பின்னே ரேஷன் கடை."

"போனா அடுத்த வீட்டுல சொல்லிட்டுப் போங்க. யாராச்சும் வந்தா ஒடனே எனக்கு ஆள் விடணும். மெளகுக் குடோன்ல பின்கட்டுல, காயல் பக்க ஜன்னலுக்குக் கீழ இருப்பேன். ஒச்சம்மான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பாண்டிச்சின்னு கேட்டா பதினாறு பேர் திரும்புவாக. தலையில செவப்புத் துணி கட்டுனவளக் கேக்கச் சொல்லுங்க."

"சிவப்பு," என்றாள் கமலாக்ஷி.

"செவப்பு. மறந்துராதீக."

அவளிடம் சிவப்புத் துணி எதுவும் இருக்கவில்லை. திரும்பும் வழியில் பஜார் முனைத் துணிக்கடையில் ஏறி, அரை மீட்டர் வாங்கினாள். சாயம் போகுமா என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டாள்.